கேரம் காயளவு கறுப்பு, ஊசிமுனையளவு பத்து

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு கேரம் மன்றம் இருக்கிறது. மன்றம் என்று பெயர்ப்பலகை சொல்கிறது. உள்ளே இரண்டு போர்டு, நான்கு ஸ்டூல், தாழத் தொங்கும் விளக்குகள், பவுடர் வாசனை. போன மாதம் ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிப் பையோடு நேராக அங்கே வந்து நின்றாள். கல்லூரி ரைஃபிள் அணிக்குத் தேர்வாகிவிட்டாளாம்.

"ரைஃபிளா? எதைச் சுடுவாய், பலூனையா?" என்றார் போர்டின் மேல் குனிந்திருந்த பெரியவர். கண் ஸ்டிரைக்கரை விட்டு நகரவில்லை.

"இல்லை தாத்தா. குறி அட்டையை."

"சுட்டால்?"

"பத்து கிடைக்கும்."

"பத்து என்ன?"

அவளுக்கு விஷயம் தெரியும், விளக்கத்தான் வரவில்லை. கைப்பேசியை எடுத்து, அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய ரைஃபிள் சாம்பியன்ஷிப் காட்சி ஒன்றை ஓடவிட்டாள். கனத்த கோட்டு அணிந்த மாணவர்களும் மாணவிகளும் வரிசையாக நிற்கிறார்கள். யாரும் அசையவில்லை. அரை நிமிடம் போயிற்று. "படம் நின்றுவிட்டது பார்" என்றார் பெரியவர். படம் நிற்கவில்லை. போட்டி அப்படித்தான் இருக்கும்.

கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளால் ஐந்து குண்டு சுட்டவன் நான். அதில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து இந்த விளையாட்டை விடாமல் பின்தொடர்ந்து வந்திருக்கிறேன் என்பதால், விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று கேரம் போர்டைச் சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டை. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் குறியில் நடுவே ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். அதன் குறுக்களவு 30.5 மில்லிமீட்டர். கேரம் காய் ஒன்றை எடுத்து அளந்துபாருங்கள். விதிப்படி அதன் குறுக்களவு 30.2 முதல் 31.8 மில்லிமீட்டர் வரை. ஆக, கறுப்புக் காய் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்றால், உலகக் கோப்பையில் சுடுபவர் பார்க்கும் அதே கறுப்பை நீங்களும் பார்க்கிறீர்கள். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றின் மொத்த நீளமே பத்து மீட்டர் இராது. வாசற்படியில் நின்று பின்கட்டுச் சுவரில் ஒட்டிய காயைப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்பு முழுவதும் பத்து அல்ல. அதற்குள் வளையம் வளையமாக நான்கு, ஐந்து, ஆறு என்று மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒன்பதாம் வளையத்தின் குறுக்களவு 5.5 மில்லிமீட்டர். பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. பேனாவால் வைத்த முற்றுப்புள்ளி கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

"அரை மில்லிமீட்டரை யாரால் அடிக்க முடியும்? பொய் சொல்லாதே" என்றார் பெரியவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இங்கே ஒரு சலுகை உண்டு. ஏர் ரைஃபிள் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அதன் விளிம்பு பத்தின் கோட்டைத் தொட்டாலே பத்து கொடுத்துவிடுவார்கள். கணக்குப் போட்டால், குண்டின் மையம் குறியின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். கேட்க எளிதாகத் தெரியலாம். ஆனால் துப்பாக்கியின் பின் குறிகாட்டிக்கும் முன் குறிகாட்டிக்கும் இடையே சுமார் 80 சென்டிமீட்டர் இருக்கிறது. முன்முனை 0.2 மில்லிமீட்டர் விலகினால் போதும், பத்து மீட்டருக்கு அப்பால் அது 2.5 மில்லிமீட்டராகிவிடும். 0.2 மில்லிமீட்டர் என்பது தலைமுடி இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பருமன். அதற்குமேல் அசைந்தால் ஒன்பது.

கேரம் ஆடுகிறவர்களுக்கு இதைப் புரிய வைக்க அதிக நேரம் ஆகவில்லை. மூலையில் ஒட்டிக்கிடக்கும் காயை மெல்லிய வெட்டில் எடுக்கும்போது விரல் எவ்வளவு விலகலாம் என்று அவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண். துல்லியம் என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிய சரக்கு அல்ல. வடசென்னையும் துப்பாக்கியும் ஒரே வாக்கியத்தில் வந்தால் நகரத்தின் மற்ற பகுதிக்காரர்கள் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணிடமும் கல்லூரியில் யாரோ அப்படிச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு என்றைக்கோ போய்விட்டது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். கல்லூரிப் போட்டியில் இரண்டு வகை ரைஃபிள் உண்டு. ஒன்று ஏர் ரைஃபிள். வெடிமருந்து கிடையாது, அழுத்தி அடைத்த காற்று ஈயக் குண்டைத் தள்ளும். தீவுத்திடல் பொருட்காட்சியிலோ திருவொற்றியூர்த் திருவிழாவிலோ பலூன் சுடக் கொடுப்பார்களே, அதுவும் பெரும்பாலும் இதே 4.5 மில்லிமீட்டர் வகைதான். பலூன்காரர் துப்பாக்கியின் குறிகாட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்பதுதான் வித்தியாசம். போட்டி ஏர் ரைஃபிளில் குறிகாட்டியைக் கீறல் கீறலாக நகர்த்தித் திருத்தலாம். விசையை விரல் நுனி தொட்டாலே விடுபடும்படி வைத்துக்கொள்ளலாம். எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். ரேஷன் கடையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வருகிறோம் இல்லையா, அதை இரண்டு கையாலும் கன்னத்தருகே பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் நின்றுபாருங்கள். அப்படி அறுபது முறை.

மற்றது ஸ்மால்போர். இதில் .22 தோட்டா, வெடிமருந்து, சத்தம் எல்லாம் உண்டு. காதடைப்பு கட்டாயம். ஒலிம்பிக்கில் இதை 50 மீட்டரில் சுடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் கூரைக்குள் 50 அடியில், அதாவது ஏறத்தாழ 15 மீட்டரில், அதற்கேற்றபடி சிறிதாக்கிய அட்டையில் சுடுகின்றன. முழங்காலிட்டு 20, குப்புறப் படுத்து 20, நின்றபடி 20 என்று மூன்று நிலைகளில் மொத்தம் 60 குண்டு. படுத்த நிலையில் உடல் முழுவதும் தரையில் கிடப்பதால் புள்ளி கொட்டும். நிற்கும்போதுதான் ஆட்டம் காணும். ஏர் ரைஃபிளிலோ அறுபதும் நின்றே சுட வேண்டும். இரண்டிலுமே குண்டுக்கு அதிகபட்சம் பத்து என்பதால் ஆளுக்கு 600 முழுப்புள்ளி.

அந்தக் கனத்த கோட்டைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்டார்கள். கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த கோட்டு, அதே போன்ற கால்சட்டை, தட்டை அடிப்பாகமுள்ள காலணி. போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடைதான். முதுகெலும்பு பின்னோக்கி வளைந்து துப்பாக்கியின் எடையைச் சமன் செய்கிறது. அந்த வளைவில் முதுகைத் தாங்கிப் பிடிக்கவே கோட்டு. மிக விறைப்பாக இருந்தால் ஆளை அதுவே நிறுத்திவிடும் என்பதால் விதி குறுக்கே வருகிறது. துணியின் தடிப்பு 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். மே மாதச் சென்னையில் இதை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்பவர்களை நினைத்தால் எனக்கு இங்கேயே வியர்க்கிறது.

இப்போது ஒரே ஒரு குண்டை எடுத்துக்கொள்வோம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் நடக்காதது போலத் தெரியும் அந்த ஒரு நிமிடத்துக்குள் நடப்பதுதான் இந்த விளையாட்டு.

சுடுபவர் குறிக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். இடக்கையின் முழங்கை இடுப்பெலும்பின் மேல் வந்து உட்காருகிறது. துப்பாக்கி கையில், கை இடுப்பில், இடுப்பு காலில், கால் தரையில். தசையால் தூக்கினால் பத்தாவது குண்டுக்குள் நடுக்கம் வந்துவிடும். எலும்பின் மேல் எலும்பாக அடுக்கினால் எடை தானாகத் தரைக்கு இறங்கும். தலையில் குடம் வைத்து நடக்கும் பாட்டி கழுத்தால் தூக்குவதில்லை அல்லவா, அப்படி.

அடுத்து கண்ணை மூடுகிறார். இதைக் கேட்டதும் மன்றத்தில் சிரித்துவிட்டார்கள். ஆனால் உண்மை. கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, மூச்சு விட்டு, மறுபடி திறந்து பார்க்கிறார். துப்பாக்கி குறிக்கு நேராக இருந்தால் நின்ற இடம் சரி. ஓரமாகத் திரும்பியிருந்தால் கையால் இழுத்துக் குறிக்குக் கொண்டுவரக்கூடாது. பாதத்தை ஓர் இம்மி நகர்த்தி, உடலையே திருப்ப வேண்டும். கையால் இழுத்து வைத்த துப்பாக்கி விசை அழுந்தும் அந்த நொடியில் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும். தொடங்குகிறவர்கள் இழக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது என்பது என் எண்ணம். என் இரண்டு குண்டுகளும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

குறி பார்க்கத் தொலைநோக்கி கிடையாது. பின்னால் ஊசித்துளை போல ஒரு துவாரம், முன்னால் ஒரு வளையம். துவாரத்துக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு. வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம். சுற்றிலும் வெள்ளை சமமாகத் தெரிகிறதா என்று மட்டுமே கண் பார்க்கிறது. அரை மில்லிமீட்டர்ப் பத்து அங்கிருந்து தெரியவே தெரியாது. அதைத் தேடுவதும் இல்லை.

பிறகு மூச்சு. இழுத்து, விட்டதும் இயல்பாகவே ஓர் இடைவெளி வரும். அந்தச் சில விநாடிகளில் விசை அழுந்த வேண்டும். அதைத் தாண்டினால் கண் மங்கத் தொடங்கும், கை நடுங்கும். அனுபவசாலிகள் அப்போது துப்பாக்கியை இறக்கிவிடுவார்கள். சுடாமல் இறக்கும் அந்தத் துணிச்சல் வருவதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன. இதயத் துடிப்பு வேறு ஒரு தொல்லை. படுத்தும் முழங்காலிட்டும் சுடும்போது மேற்கையில் ஒரு வார்ப்பட்டை இறுகக் கட்டியிருப்பார்கள். கையின் நாடித் துடிப்பு அதன் வழியே துப்பாக்கி முனைவரை போய்க் குறியைத் துள்ள வைக்கும். பட்டையை எங்கே கட்டினால் துடிப்பு குறையும் என்பதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இடம் கண்டுபிடிக்கிறார்கள்.

விசை அழுந்தியாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் சில பங்கு நேரம் அது உள்ளே ஓடுகிறது. அதற்குள் "எங்கே பட்டது?" என்று தலையைத் தூக்கினால் குழலும் சேர்ந்து நகரும். எனவே சுட்ட பிறகும் சிலைபோல அப்படியே நின்று, பிறகுதான் திரையைப் பார்க்கிறார்கள். குறி அட்டைக்குப் பதிலாக இப்போது மின்னணுக் குறிகள் வந்துவிட்டன. குண்டு பட்ட இடம் பக்கத்திலிருக்கும் திரையில் உடனே தெரியும். சர்வதேச விதிப்படி ஏர் ரைஃபிளில் 60 குண்டுக்கு 75 நிமிடம். சராசரியாக ஒரு குண்டுக்கு 75 விநாடி. கைப்பேசியில் படம் நின்றுபோனது போலத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

இனி கல்லூரி சாம்பியன்ஷிப் என்ற கணக்கு. ஒலிம்பிக்கில் சுடுபவர் பெரும்பாலும் தனி ஆள். கல்லூரிப் போட்டியை வேறுவிதமாக ஆக்குவது அணி. அமெரிக்காவில் இதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு 1980 முதல் நடத்தி வருகிறது. பருவம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று மோதி, மார்ச் மாதத்தில் எட்டு அணிகள் இறுதிப் போட்டிக்கு வருகின்றன. முதல் நாள் ஸ்மால்போர், மறுநாள் ஏர் ரைஃபிள்.

ஓர் அணிக்கு ஐந்து பேர் சுடுவார்கள். ஒவ்வொரு துப்பாக்கியிலும் சிறந்த நால்வரின் புள்ளி மட்டுமே கணக்கில் சேரும். நான்கு பேர், ஆளுக்கு 600, ஆக ஒரு துப்பாக்கிக்கு 2400. இரண்டுக்கும் சேர்த்து 4800. முழுப்புள்ளி அவ்வளவுதான்.

கற்பனையாக ஓர் அணியை வைத்துப் பார்ப்போம். முதல் நாள் ஐந்து பேரும் 588, 585, 583, 580, 571 எடுத்தார்கள். 571 விழுந்துவிடும். மீதி 2336. மறுநாள் ஏர் ரைஃபிளில் 597, 596, 594, 592, 590. இப்போது 590 போய்விடும், 2379 நிற்கும். மொத்தம் 4715. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் நாள் 571 எடுத்துத் தலைகுனிந்து போன பெண்ணே மறுநாள் 597 எடுத்தவளாக இருக்கலாம். முதல் நாள் அவளால் அணிக்கு நட்டமும் இல்லை, இலாபமும் இல்லை. மறுநாள் அணியைத் தாங்கியவளே அவள்.

4715 என்றால் 480 குண்டில் 85 புள்ளி தவறியிருக்கிறது. போனவை எல்லாம் ஒன்பதுகளாகவே இருந்தால், ஏறத்தாழ ஆறு குண்டுக்கு ஒன்று பத்தை விட்டு வெளியே. இப்போதெல்லாம் பட்டம் வெல்லும் அணிகள் 4700-ஐத் தாண்டித்தான் வெல்கின்றன. முன்னணி அணிகளுக்கிடையே வித்தியாசம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறுகிவிடும்போது, பட்டம் யாருக்கு என்பதை அணியின் நட்சத்திரம் தீர்மானிப்பதில்லை. நட்சத்திரம் எப்படியும் 597, 598 எடுத்துவிடுவார். அதற்குமேல் அவருக்கு இடமே இல்லை. நான்காவது ஆள் 586 எடுக்கிறாரா 592 எடுக்கிறாரா என்பதில்தான் கோப்பை இருக்கிறது. யார் பெயரையும் கைதட்டி அழைக்காத அந்த நான்காவது ஆளைப் பார்க்கத்தான் நான் இந்தப் போட்டியைப் பார்க்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை. கேரத்தில் இரட்டையர் ஆட்டம் ஆடியவர்களுக்கு இது விளங்கும். சிவப்பை எடுப்பவனைப் பற்றித்தான் தெரு பேசும். அதற்கு முன் வழியை அடைத்திருந்த காயை ஒதுக்கிக் கொடுத்த கூட்டாளியை யாரும் பேசுவதில்லை.

அணிக்கான கணக்கு இதோடு முடிந்துவிடும். தனிநபர் பட்டத்துக்கு மட்டும் முதல் எட்டுப் பேர் இறுதிச் சுற்றில் மீண்டும் சுடுவார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஓர் இடத்தில் குழம்புவார்கள். நம் நாட்டுப் போட்டிச் செய்திகளில் "631.5 எடுத்தார்" என்று வரும். 600-தானே முழுப்புள்ளி, அதை எப்படித் தாண்டினார்? சர்வதேச ஏர் ரைஃபிளில் இப்போது தசமக் கணக்கு. பத்தையும் 10.0 முதல் 10.9 வரை பிரித்துவிட்டார்கள். அறுபது குண்டுக்கு முழுப்புள்ளி 654. அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு முழு எண் கணக்கே நிற்கிறது. இரண்டையும் ஒப்பிடக்கூடாது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது தகுதிச் சுற்றில் முழு எண் கணக்குத்தான். அவர் 600-க்கு 596 எடுத்தார். இறுதிச் சுற்றில் 104.5 சேர்ந்து 700.5. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தின் அடித்தளம் அந்த 596. அதே எண்ணை நல்ல கல்லூரி அணிகளின் மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம்.

இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஆணும் பெண்ணும் ஒரே அணியில், ஒரே வரிசையில், ஒரே பட்டியலில் நிற்பது. தனிப் பிரிவு இல்லை, சலுகை இல்லை. 2010-இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் முழுக்க முழுக்கப் பெண்களைக் கொண்ட அணியோடு வந்து பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஆண்கள் இருந்த அணிகள் எல்லாம் பின்னால் நின்றன.

ஒலிம்பிக்கிலும் ஒருகாலத்தில் இப்படி இருந்தது. 1976 மாண்ட்ரியாலில் மூன்று நிலை ஸ்மால்போரில் அமெரிக்காவின் லேனி பாஷமும் மார்கரெட் மர்டாக்கும் ஒரே புள்ளி எடுத்தார்கள். கடைசிக் குண்டுகளின் கணக்கைப் பார்த்துத் தங்கத்தைப் பாஷமுக்குக் கொடுத்தார்கள். பரிசு வழங்கும்போது தேசிய கீதம் ஒலிக்க, பாஷம் மர்டாக்கின் கையைப் பிடித்து மேல் படியில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண் மர்டாக். பின்னர் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டி ஆக்கிவிட்டார்கள். கல்லூரிப் போட்டி மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. வெஸ்ட் வர்ஜீனியாவின் முதலாண்டு மாணவி ஜின்னி த்ராஷர் 2016 மார்ச்சில் கல்லூரி சாம்பியன்ஷிப்பின் இரண்டு தனிநபர் பட்டங்களையும் ஆண்களைத் தாண்டி வென்றார். அதே ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் முதல் தங்கமே அவருடையதாக இருந்தது. அப்போது அவருக்கு வயது 19. டோக்கியோவில் ஏர் ரைஃபிள் தங்கம் வென்ற வில் ஷேனரும் கென்டக்கி பல்கலைக்கழக அணியில் வளர்ந்தவர்.

பட்டங்களின் பட்டியல் நீளமானது, ஆனால் அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் குறைவு. முதல் மூன்று ஆண்டுகள் டென்னசி டெக். பிறகு வெஸ்ட் வர்ஜீனியா, 2025 வரை இருபது முறை. அடுத்து அலாஸ்கா ஃபேர்பேங்ஸ், பதினொரு முறை. குளிர்காலத்தில் வெளியே தலைகாட்ட முடியாத ஊர் அது. கூரைக்குள் நின்று சுடும் விளையாட்டில் அவர்கள் தேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. வெயிலால் நாங்கள் கூரைக்குள் ஒதுங்கிக் கேரம் ஆடுகிறோம், பனியால் அவர்கள் ஒதுங்கிச் சுடுகிறார்கள் என்று சொன்னதும் பெரியவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"சரி, நம் ஊரில்?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா. அவருக்கு வேண்டியது அலாஸ்கா அல்ல.

நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கிடையே போட்டி நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். கல்லூரியிலிருந்து பல்கலைக்கழக அணி, அங்கிருந்து அகில இந்தியப் போட்டி என்பது வழி. 2020-இல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இன்னொரு மேடை. இங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. மேலே போனால் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் இருக்கின்றன. 2023-இல் செங்டுவில் நடந்த அந்தப் போட்டியில் பெண்கள் ஏர் ரைஃபிள் தங்கத்தை வென்றவர் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். லண்டன் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது சென்னையில்தான். இருவருமே வளர்ந்ததும் பயின்றதும் வேறு மாநிலங்களில் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வடசென்னையில் கால்பந்துக்கு வியாசர்பாடியில் இடம் உண்டு, குத்துச்சண்டைக்குத் தெருவுக்குத் தெரு ஆசான் உண்டு. ரைஃபிளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வேளச்சேரி குருநானக் கல்லூரியில் நல்ல சுடுதளம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து கடற்கரை நிலையம், அங்கிருந்து பறக்கும் ரயிலில் வேளச்சேரி. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. போட்டித் தரத்திலான ஏர் ரைஃபிளின் விலை ஒரு நல்ல மோட்டார் பைக்கின் விலையைத் தாண்டிவிடும். கோட்டும் கால்சட்டையும் தனி. எனவே தொடக்கத்திலேயே யாரும் வாங்க வேண்டாம், பயிற்சி மையத்திலோ கல்லூரியிலோ உள்ள துப்பாக்கியில் சுட்டுப் பழகினால் போதும் என்பது என் கருத்து. பணம் இருக்கிறது என்பதற்காக முதல் மாதமே வாங்கி, ஆறாம் மாதம் பரணில் ஏற்றியவர்களை அறிவேன். 4.5 மில்லிமீட்டர் போட்டி ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. .22-க்கு வேண்டும், அது தனிக் கதை. என்.சி.சி.யில் சேர்ந்த மாணவர்களுக்கு .22 கையில் கிடைப்பது அங்கேதான். பல வீடுகளின் முதல் துப்பாக்கிக்காரர் அப்படித்தான் உருவாகிறார்.

அம்மா கேட்ட கடைசிக் கேள்வி ஆபத்தைப் பற்றியது. சுடுதளத்தில் விதி மிகக் கடுமையானது. குழல்முனை எப்போதும் குறிப்பக்கமே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் குண்டு இல்லை என்பதைக் காட்ட, பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு அல்லது கொடி செருகி வைப்பார்கள். "நிறுத்து" என்ற கட்டளை வந்ததும் எல்லாரும் நிறுத்த வேண்டும். கவனமின்றித் துப்பாக்கியைத் திருப்பினால் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். எங்கள் தெருவில் சாலையைக் கடப்பதைவிட அங்கே நிற்பது பாதுகாப்பு என்று நான் சொன்னதை அவர் முழுதாக நம்பவில்லை. மகளைத் தடுக்கவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் துப்பாக்கி கையில் கிடைக்கிறது. மற்ற நாட்களில் குண்டில்லாத பயிற்சி. பெரிய வீரர்களும் வீட்டில் செய்வது இதையேதான். மூன்று வீட்டு மொட்டை மாடிகள் ஒட்டியிருப்பதால் அங்கே பத்து மீட்டர் கிடைத்துவிட்டது. கடைசிச் சுவரில், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில், மன்றத்துக் காய் ஒன்றை ஒட்டியிருக்கிறாள். குறியின் மையம் இருக்க வேண்டிய உயரம் அது. கையில் ஒரு தேக்குக் கட்டை, அதன் அடியில் கட்டிய மணல் பை.

பெரியவர் படியேறி வந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முதல் வாரத்தில் நேரம் மட்டும்தான் சொன்னார். இப்போது, "மூச்சு விட்டபின் வலத்தோள் இறங்குகிறது, கண்ணு" என்கிறார். நாற்பது ஆண்டு ஸ்டிரைக்கர் பிடித்த கண். அவள் பாதத்தை ஓர் இம்மி நகர்த்துகிறாள்.

"எழுபத்தைந்து" என்கிறார்.

அவள் கட்டையை இறக்கி, கையை உதறி, மறுபடி தூக்குகிறாள்.